பீச் பழமும் ரப்பர் முத்திரையும்

தோழியரே, புதையல் வேட்டை என்றதும் தங்கக் காசுகள் நிறைந்த பெட்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு சிறு பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து எதையும் எடுக்காமல், இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வரும் விளையாட்டும் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘லெட்டர்பாக்ஸிங்’.

இது பிறந்த இடம் இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் சதுப்பு மேட்டுநிலம். 1854-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றனர். பின்னாளில் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுச் செல்வதும், அடுத்து வருபவர் அதை அஞ்சலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. பெயர்க்காரணம் புரிகிறதல்லவா? 1998-இல் ‘ஸ்மித்சோனியன்’ இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகே அமெரிக்காவில் இது பரவிற்று.

பெட்டிக்குள் ஒரு குறிப்பேடும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். தேடி வருபவரிடமும் சொந்தக் குறிப்பேடும் முத்திரையும் மைப்பெட்டியும் உண்டு. அவருடைய முத்திரை பெட்டியின் ஏட்டில் பதியும். பெட்டியின் முத்திரை அவர் ஏட்டில் பதியும். முத்திரையை அழிப்பான் ரப்பரில் தாமே செதுக்குவோர் பலர். ஓவிய வகுப்பில் வெண்டைக்காயை நறுக்கி அச்சுப் பதித்த நமக்கு இது பெரிய வித்தையன்று!

பெட்டிக்கு வழி சொல்லும் துப்புகளில்தான் சுவையே இருக்கிறது. மறைந்துபோன ஒரு பேஸ்பால் குழுவின் நினைவாக ஒரு நகரப் பூங்காவில் பெட்டி வைப்பதானால், நான் தேர்ந்தெடுப்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்போர்டு நகரைத்தான். அங்கு விளையாடிய ‘ராக்போர்டு பீச்சஸ்’ குழுவினர் அனைவரும் பெண்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது ஆட்டக்காரர் பலர் படையில் சேரவே, சூயிங்கம் தயாரிப்பாளரும் சிகாகோ கப்ஸ் குழுவின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி, 1943-இல் பெண்களுக்கென ஒரு தொழில்முறைப் போட்டித் தொடரைத் தொடங்கினார். வாரச் சம்பளம் 45 முதல் 85 டாலர். அவர்கள் குட்டைப் பாவாடை அணிந்தே ஆட வேண்டும். சறுக்கி விழுந்தால் தொடையின் தோல் உரிந்துவிடும். உதட்டுச் சாயம் கட்டாயம். நடை, உடை, பேச்சு கற்பிக்கத் தனி வகுப்பு வேறு! குழுவுடனே பயணம் செய்து கண்காணிக்க ஓர் அம்மையாரும் உண்டு. (விடுதித் தோழியர் சிரிப்பது கேட்கிறது.) ஆண்களுக்கு இப்படியொரு சட்டம் இருந்ததாக நான் படித்ததில்லை.

ஆயினும் அவர்கள் ஆட்டத்தைக் காண 1948-இல் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1945, 1948, 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் பீச்சஸ் வாகை சூடியது. பின்னர் கூட்டம் குறைந்தது. 1954-உடன் தொடரே நின்றது. நெடுங்காலம் இவர்களைப் பற்றிப் பேசுவாரில்லை. 1988-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் பெண்களுக்கென ஒரு காட்சி அமைத்தது. 1992-இல் ஒரு திரைப்படமும் வந்தது.

அவர்கள் ஆடிய பேயர் மைதானத்தின் பழைய இருக்கை வரிசைகள் இன்று இல்லை. நுழைவுச்சீட்டு விற்ற சிறு கட்டடம் மட்டும் எஞ்சியுள்ளது. என் துப்பு அங்கிருந்தே தொடங்கும்:

“சீட்டு வாங்கும் சன்னலை வணங்கி உள்ளே வா. மட்டை பிடிப்பவள் நிற்கும் இடத்தில் நின்று, ஆடுகளத்தைப் பார். டாரதி கமன்ஷெக் காத்து நின்ற முதல் பேஸ் உன் வலப்பக்கம். அங்கே போ. பீச்சஸ் எத்தனை முறை வாகை சூடியது? அத்தனை பத்து எட்டு, வெளி வேலியை நோக்கி நட.”

கணக்குப் போட்டால் நாற்பது எட்டு. பூங்கா அதிகாரிகளின் அனுமதி பெற்றே பெட்டியை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டக் கூடாது. கல்லிடுக்கிலோ மர வேரிடையிலோ வைத்து, சருகால் மூடினால் போதும். மழைநீர் புகாதபடி மூடி இறுக்கமாயிருக்க வேண்டும். முத்திரையில் ஒரு பீச் பழம். அதன் கீழே 1943–1954.