விலை வரைபும் நாமே ஆக்கும் காட்டியும்

இரசாயன ஆய்வுகூடத்திலே பாசிச்சாயத்தாளைக் கையாண்ட மாணவர் அனைவரும் ‘காட்டி’ என்னுஞ் சொல்லை அறிவர். நீலத்தாள் செந்நிறமுறுதல் கரைசலில் அமிலம் உண்டென்பதைக் காட்டும். ஆயின் அமிலத்தை ஆக்குவது அத்தாளன்று. நாளை அக்குவளையில் யாது ஊற்றப்படும் என்பதையும் அஃது உரையாது. பங்குச் சந்தையின் விலை வரைபுகளோடு பயன்படும் காட்டிகளும் இத்தன்மையனவே. அவை நடந்து முடிந்த விலைகளிலிருந்து கணித்துப் பெறப்படும் எண்கள், வேறொன்றுமல்ல. இவ்வுண்மையை உணர்வதற்குச் சிறந்த வழி, பிறர் ஆக்கிய காட்டியை வாங்கிப் பார்ப்பதன்று. நாமே ஒன்றை ஆக்கிப் பார்ப்பதாம். அதற்குரிய முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் எமக்கு இப்பொருள் தொலைவானதன்று. இங்குச் சீமெந்து உற்பத்தி செய்யும் டோக்கியோ சீமெந்துக் கம்பனியும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளிற் சிலவற்றைப் பயன்படுத்தும் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும் கொழும்புப் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டவை. நாள்தோறும் நாம் காணும் ஆலையினதும் தாங்கிகளினதும் உரிமை, சிறுசிறு கூறுகளாகக் கைமாறுகின்றது. அவ்வாறு கைமாறும் விலைகளின் வரலாறே வரைபாக எழுதப்படுகின்றது.

விலைகளைத் தொகுத்து ஒரே எண்ணாக நோக்கும் வழக்கம் பழையது. 1896இல் அமெரிக்கரான சாள்ஸ் டோ பன்னிரு கம்பனிகளின் விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துத் தம் சுட்டெண்ணை வெளியிட்டார். இலங்கையிற் பங்கு வணிகம் கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தின்கீழ்த் தொடங்கியதும் அவ்வாண்டே என்பது கருதத்தக்கது. அன்று தாளிலும் பென்சிலிலும் நிகழ்ந்த கணக்கை இன்று கணினி நொடிப்பொழுதிற் செய்கின்றது. கணக்கு மாறவில்லை, கை மட்டுமே மாறியது.

காட்டிகளுள் எளியது நகரும் சராசரி. ஒரு பங்கின் ஐந்து நாள் முடிவு விலைகள் முறையே 50, 52, 51, 55, 57 ரூபா எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 265, சராசரி 53. ஆறாம் நாள் விலை 60 ஆயின், பழைய 50ஐ நீக்கிப் புதிய 60ஐச் சேர்க்க, கூட்டுத்தொகை 275 ஆகும், சராசரி 55. விலை 60ஐத் தொட்டபோதும் சராசரி 55இலேயே நிற்றலை நோக்குக. சராசரி எப்போதும் விலையின் பின்னே நடப்பது. அண்மை விலைக்கு மிகுதியான நிறை கொடுத்து இப்பின்னடைவைக் குறைக்கலாம். அடுக்குக்குறிச் சராசரி எனப்படும் முறையில், ஐந்து நாளுக்குரிய நிறை 2ஐ 6ஆல் வகுத்த மூன்றிலொன்றாகும். முன்னைய சராசரி 53 எனின், அதனோடு 60க்கும் 53க்குமுள்ள வேறுபாட்டின் மூன்றிலொரு பங்கைக் கூட்ட 55.33 வரும். பின்னடைவு குறைந்ததேயன்றி ஒழிந்ததில்லை.

மற்றொன்று, எந்திரப் பொறியியலாளராகிய வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட சார்பு வலிமைச் சுட்டெண். பதினான்கு நாட்களில் விலை ஏறிய அளவுகளின் சராசரியையும் இறங்கிய அளவுகளின் சராசரியையும் தனித்தனியே காண்பர். ஏற்றச் சராசரி 3, இறக்கச் சராசரி 1 எனின், மொத்த அசைவு நான்கில் ஏற்றம் மூன்று பங்கு. ஆதலின் சுட்டெண் 75. வாய்பாடு கடினமாகத் தோன்றினும் அதன் பொருள் இவ்வளவே. எழுபதுக்கு மேற்படின் விலை மிகையாக ஏறிற்றெனவும், முப்பதுக்குக் கீழ்ப்படின் மிகையாக இறங்கிற்றெனவும் கொள்வது வழக்கம். இவ்வெல்லைகள் வழக்கமேயன்றி இயற்கை விதியல்ல.

இனி, காட்டியை நாமே ஆக்கும் முறையை நோக்குவோம். டிரேடிங்வியூ என்னும் வரைபுத் தளத்திலே கொழும்புச் சந்தையின் விலைகளையும் காணலாம். அத்தளத்திற்கெனப் பைன் ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி உண்டு. அத்தளத்தின் எழுதுபலகையில் நிரலை எழுதிச் சேர்த்தால் கோடு வரைபில் எழும். நிரல் பெரும்பாலும் நான்கு உறுப்புக்களை உடையது. முதலாவது அறிவிப்பு: காட்டியின் பெயர் யாது, அது விலையின் மேல் வரையப்படுமா, தனிக்கட்டத்தில் வரையப்படுமா என்பன. இரண்டாவது உள்ளீடு: எத்தனை நாட் சராசரி என்பது போன்ற, பயன்படுத்துவோர் மாற்றக்கூடிய எண்கள். மூன்றாவது கணிப்பு. நான்காவது வரைதல். இந்நிரல் ஒவ்வொரு நாளின் விலைத்தூணுக்கும் இடமிருந்து வலமாக ஒருமுறை நிறைவேறும். சதுர அடைப்பினுள் 1 என இட்டால் முதல் நாளின் மதிப்பும், 2 என இட்டால் அதற்கு முந்திய நாளின் மதிப்பும் கிடைக்கும். இதனை விளங்கிக்கொண்டவர் மொழியின் பாதியை விளங்கிக்கொண்டவராவர்.

எமது காட்டி விடுக்கும் வினா இது: இன்றைய விலை, இருபது நாட் சராசரியிலிருந்து எத்தனை நூற்றுவீதம் விலகியுள்ளது? முடிவு விலையிலிருந்து சராசரியைக் கழித்து, சராசரியால் வகுத்து, நூறால் பெருக்குக. விலை 60, சராசரி 55 எனின் விலகல் ஏறத்தாழ 9 வீதம். இதனைத் தனிக்கட்டத்தில் வரைந்து, சுழியத்திற் கிடைக்கோடு ஒன்றும் இடுக. இதனோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தல் நன்று: அன்று கைமாறிய பங்குகளின் தொகை தன் இருபது நாட் சராசரியை விஞ்சினால் மட்டும் கோடு அழுத்தமான நிறம் பெறுக. சிலநூறு பங்குகள் மட்டும் கைமாறி ஏறிய விலையையும், பல்லாயிரம் பேர் விரும்பி ஏறிய விலையையும் ஒன்றெனக் கருதலாகாது அன்றோ?

இவ்வளவில் நிறுத்தினால் காட்டி இயங்கும். ஆயின் எம் நாட்டில் அது பிழைபட உரைக்கும். காரணம் யாதெனிற் கூறுவோம். கணினி எண்ணுவது விலைத்தூண்களையே. நாட்காட்டியின் நாட்களை அன்று. 2020 மார்ச்சுப் பிற்பகுதியில் தொற்று நோயின் பொருட்டு மூடப்பட்ட கொழும்புச் சந்தை மே 11ஆந் திகதியே மீண்டுந் திறந்தது. 2022 ஏப்பிரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியதை அறிவித்தது. புத்தாண்டு விடுமுறையை அடுத்து, 18ஆந் திகதி முதல் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டது. இருமுறையும் வரைபிலே மூடுமுன் நின்ற தூணும் திறந்தபின் எழுந்த தூணும் அருகருகே நிற்கும். இருபது நாட் சராசரியோ, இடையில் நாடே மாறியதை அறியாது, பழைய உலகின் பத்தொன்பது விலைகளையும் புதிய உலகின் ஒரு விலையையும் ஒன்றாகக் கூட்டி வகுக்கும்.

இதற்கு நிரலிலே காவல் இடலாம். ஒவ்வொரு தூணுக்கும் அதன் நேரம் மில்லிசெக்கனிற் பதிவாகியுள்ளது. இன்றைய தூணின் நேரத்திலிருந்து முந்திய தூணின் நேரத்தைக் கழித்து, ஒரு நாளுக்குரிய 8 கோடியே 64 இலட்சம் மில்லிசெக்கனால் வகுத்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைக்கும். அஃது ஏழை விஞ்சினால் அவ்விடத்தில் நிலைக்குத்துக் கோடொன்று எழுக. அதன்பின் இருபது தூண்கள் நிறையும்வரை எம் விலகற்கோடு நரைநிறம் பெறுக. நரைநிறத்தின் பொருள், ‘இக்காலத்து யான் சொல்வதை நம்பற்க’ என்பது. தன் அறியாமையைத் தானே அறிவிக்கும் காட்டி, நூறு அம்புக்குறிகளிலும் மேலானது.

அம்புக்குறி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. யான் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விலைகொடுத்துப் பெற்ற காட்டி ஒன்றை நம்பி, தம் பணிக்கொடையின் ஒரு பகுதியை 2022 ஜனவரியிற் பங்குகளில் இட்டார். காலையில் அவர் கண்ட பச்சை அம்புக்குறி மாலையில் வரைபிலே இல்லை. தம் கண்ணே பிழைத்ததென அவர் எண்ணினார். பிழைத்தது கண்ணன்று. நாள் முடியுமுன் முடிவு விலை என்பது நிலையற்றது; அதனைக் கொண்டு கணிக்கப்படுவதும் நிலையற்றது. காலையில் நிபந்தனை நிறைவேறும், மாலையில் நிறைவேறாது, குறி சுவடின்றி மறையும். மறுநாள் பழைய வரைபை நோக்குவோர்க்கு, மாலைவரை நிலைத்த குறிகள் மட்டுமே தோன்றுதலின், காட்டி பெரிதும் பிழையற்றதாகக் காணப்படும். தூண் நிறைவுற்ற பின்னரே குறி எழுக என ஒரு நிபந்தனையை நிரலில் இட்டிருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் 13,000 புள்ளிகளைக் கடந்த அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் ஆண்டிறுதியில் 8,500 அளவிற்குத் தாழ்ந்தது. அவர் இழந்தது பணம் மட்டுமன்று. தம் கணித அறிவில் வைத்த நம்பிக்கையையும் இழந்தார். அந்நிரலின் உட்கிடையைத் திறந்து காட்டுவார் ஒருவரும் அன்று இலர்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இருபது நாட் சராசரி நன்மை தரவில்லையெனின் பத்தொன்பது, பதினேழு, இருபத்துமூன்று என எண்களை மாற்றி, கடந்த காலத்தில் மிகுந்த இலாபம் காட்டிய எண்ணைத் தெரிந்துகொள்வோர் பலர். இவர் விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதும் மாணவரை ஒப்பர். பழைய வினாத்தாளில் அவருக்கு நூறு புள்ளிகள் கிடைக்கும். புதிய வினாத்தாளில் யாது கிடைக்கும் என்பதை ஆசிரியர் அறிவர். எண்ணைத் தெரிதற்கு விலை வரலாற்றின் முற்பாதியை மட்டும் பயன்படுத்தி, தொடாது வைத்த பிற்பாதியிலே அதனைச் சோதித்தல் நேர்மையான முறையாகும்.

துறைமுகத்திலே வற்றுப்பெருக்கு அட்டவணை ஒன்று உண்டு. ஞாயிறும் திங்களும் இயங்கும் முறை அறியப்பட்டதாதலின், வருங்காலத்து நீர்மட்டத்தை அது முன்கூட்டியே உரைக்கும். ஆயினும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி, முழுநிலா நாளன்று எம் கரையை மேவிய ஆழிப்பேரலை அவ்வட்டவணையில் இருக்கவில்லை. காரணம் அறியப்பட்ட கடலுக்கே அட்டவணையின் எல்லை அதுவாயின், மனிதர் அச்சத்தாலும் ஆசையாலும் அசையும் விலைக்கு எம் சிறு காட்டி எம்மட்டு! விலை இதுகாறும் சென்ற வழியை அது தெளிவாகக் காட்டும், அத்தெளிவு பயனுடையதே. ஆயின் வாங்குவதா, விடுவதா, எவ்வளவு இழக்க இயலும் என்னும் வினாக்கள் நிரலுக்கு உரியனவல்ல. கணக்கைக் கணினியிடம் விடலாம்; பொறுப்பை விடலாகாது.