1871: கங்ஹ்வா நீரிணையில் தவறிய வாய்ப்பு

கொரிய மண்ணில் அமெரிக்கப் படையினர் முதன்முதலில் போரிட்டது 1950இல் அல்ல, 1871 ஜூன் மாதத்தில் என்பதும், அப்போரில் வென்றவர்கள் தாங்கள் நாடிவந்த உடன்படிக்கை கைகூடாமலேயே திரும்பினார்கள் என்பதும் அவ்வளவாக அறியப்படாத செய்திகள். நடந்த வரலாற்றின் ஒரு கண்ணியை மட்டும் மாற்றிவைத்து, அதன்பின் என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்று சான்றுகளின் எல்லைக்குள் நின்று ஆராய்வதை மாற்று வரலாறு என்பர். அத்தகைய ஆய்வுக்கு இச்சிறு போர் மிகவும் ஏற்றது. ஏனெனில் இதன் திருப்புமுனையை ஒரு நாளாகவும் ஓர் இடமாகவும் சுட்டிக்காட்ட முடிகிறது.

1866இல் ஜெனரல் ஷெர்மன் என்னும் ஆயுதம் தாங்கிய அமெரிக்க வணிகக் கப்பல், ஜோசன் அரசின், அதாவது 1392 முதல் கொரியாவை ஆண்டுவந்த அரசமரபின், தடையை மீறித் தேடோங் ஆற்றின் வழியே பியோங்யாங் வரை சென்று, அங்கு மூண்ட மோதலில் எரிக்கப்பட்டது. அதில் வந்தவர்கள் உயிரிழந்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பின், சீனாவுக்கான அமெரிக்கத் தூதர் பிரெடரிக் லோ, கரையொதுங்கும் மாலுமிகளின் பாதுகாப்புக்கும், இயலுமானால் வணிகத்துக்கும் உடன்படிக்கை காணும் பணியை ஏற்று, கடற்படைத் தளபதி ஜான் ராட்ஜர்ஸின் ஐந்து போர்க்கப்பல்களோடு கொரியாவின் மேற்குக் கரையை அடைந்தார்.

சந்திக்க வந்த கொரிய அதிகாரிகள் உடன்படிக்கை பேசும் தகுதியற்ற கீழ்நிலையினர் என்று கூறி லோ அவர்களைக் காண மறுத்தார். கடற்பகுதியின் ஆழத்தை அளக்கப்போவதாக அவர்களிடம் தெரிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழாததை இசைவாகவே எடுத்துக்கொண்டார். ஜூன் 1 அன்று அளவைப் படகுகள் நுழைந்த இடமோ, தலைநகர் சோலுக்கு வரித்தானியம் ஏற்றிவரும் படகுகள் கடந்துசெல்லும் கங்ஹ்வா நீரிணை. ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் பிரெஞ்சுப் படை கங்ஹ்வா தீவைச் சூறையாடியிருந்தது. அத்தகைய வாயிலுக்குள் அயல்நாட்டுப் போர்க்கப்பல்கள் அனுமதியின்றி நுழைந்தால் கோட்டைப் பீரங்கிகள் முழங்கும் என்பதை எதிர்பார்க்கப் பெரிய தொலைநோக்கு வேண்டியிருக்கவில்லை.

அவ்வாறே பீரங்கிகள் முழங்கின. அதற்கு மன்னிப்புக் கேட்கக் கொரியருக்குப் பத்து நாள் கெடு விதிக்கப்பட்டு, அது வீணானபின், ஜூன் 10 அன்று சுமார் 650 பேர் கரையிறங்கினர். மறுநாள் க்வாங்சோங் கோட்டை வீழ்ந்தது. அமெரிக்கர் எண்ணியவரை 243 கொரியர்கள் இறந்துகிடந்தனர். அவர்களில் தளபதி ஓ ஜே-யோனும் ஒருவர். அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் மூவர். தளபதியின் கொடி அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2007இல் இரவலாகவே கொரியாவுக்குத் திரும்பியது என்பது இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி. ஜூலைத் தொடக்கத்தில் கப்பல்கள் வெறுங்கையோடு புறப்பட்டுச் செல்ல, மன்னர் கோஜோங்கின் தந்தையும் ஆட்சியை நடத்தியவருமான தேவோன்குன், அந்நியரோடு இணக்கம் பேசுவது நாட்டை விற்பதாகும் என்று பொறித்த கற்களை நாடெங்கும் நாட்டினார்.

கூடுதல் படை வந்திருந்தால் சோல் பணிந்திருக்கும் என்னும் கற்பனை இங்கு நிற்காது; உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை சுருங்கியிருந்தது, முறையான போரை அறிவிக்கும் அதிகாரமும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே உரியது. மாற்றிவைக்கத் தகுந்த கண்ணி ஜூன் 1 மட்டுமே. அன்று படகுகள் நுழையாதிருந்தாலும் தேவோன்குன் கையெழுத்திட்டிருக்க மாட்டார். ஆனால் 1873இன் இறுதியில் அவர் அதிகாரம் இழந்தபோது, வெளியுலகோடு உறவு வேண்டும் என்று கருதிய பாக் க்யூ-சு போன்றவர்கள், சிந்திய இரத்தத்தின் நினைவு குறுக்கே நில்லாமல், அமெரிக்காவோடு பேசலாம் என்று அரசவையில் வாதிட்டிருக்க முடியும்.

அவ்வாறு 1874 அல்லது 1875இல் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தால், அதன் உண்மையான பயன் சுங்கத்தில் தெரிந்திருக்கும். 1876இல் போர்க்கப்பல்களைக் காட்டி அச்சுறுத்திய ஜப்பானோடு கங்ஹ்வாவில் செய்துகொண்ட உடன்படிக்கையும் அதைத் தொடர்ந்த வணிக விதிகளும் இறக்குமதிப் பொருள்களுக்குச் சுங்கவரியே இல்லாத நிலையை உண்டாக்கின. 1883 வரை அது நீடித்தது. மாறாக, 1882இல் அமெரிக்காவோடு ஏற்பட்ட உடன்படிக்கை சுங்கம் விதிக்கும் கொரியாவின் உரிமையை ஏற்றது. அதன் விதிகளைத் தியான்ஜினில் இருந்து வகுக்க உதவிய சீன அதிகாரி லி ஹோங்சாங் 1870 முதலே அப்பகுதியின் ஆளுநராக இருந்தார் என்பதால், ஏழெட்டு ஆண்டுகள் முன்னதாகவே இத்தகைய விதிகள் உருவாகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின் ஜப்பான் அதைவிடக் குறைவான ஒன்றைக் கொரியாவின் மீது திணிப்பது கடினமாகியிருக்கும்.

இதற்கு மேல் செல்வது மிகை. மூன்றாம் நாட்டால் தீங்கு நேர்ந்தால் நல்லெண்ண முயற்சியில் ஈடுபடுவதாக 1882 உடன்படிக்கையின் முதல் விதியே உறுதியளித்திருந்தும், 1905இல் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தபோது, அமெரிக்கா எதிர்ப்பேதுமின்றிச் சோலில் இருந்த தன் தூதரகத்தை மூடியது. ஏழெட்டு ஆண்டுகள் முன்னதாகக் கையெழுத்தானதாலேயே அந்த உறுதிமொழி கூடுதல் வலிமை பெற்றிருக்கும் என்று நம்ப எச்சான்றும் இல்லை.

(தொடரும்)