ஊர் வளம் யார் கையில்?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. அதை ஒட்டிக் குத்தம்பாக்கம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்குப் போய் மேற்கே திரும்பினால் தேர்வாய் கண்டிகை. இரண்டுமே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள். இரண்டிலும் தலித் மக்கள் அதிகம். மண்ணும் நீரும் மேய்ச்சல் நிலமுமே இரண்டுக்கும் முதலாக இருந்தன. அந்த முதல் ஓர் ஊரில் வீடாகவும் வேலையாகவும் மாறியது. இன்னோர் ஊரில் கைவிட்டுப் போனது.

மண்ணே மூலதனம்

குத்தம்பாக்கம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்கும் சாதிச் சண்டைக்கும் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரரான வேதிப்பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, நல்ல சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001-ல் மறுபடியும் வென்றார்.

கழிவுநீர்க் கால்வாய் கட்டும் வேலை வந்தது. பக்கத்துக் கருங்கல் தொழிற்கூடங்களில் வேண்டாமென்று ஒதுக்கிய கற்களை எடுத்து, ஊர் ஆட்களைக் கொண்டே கட்டினார்கள். மதிப்பீட்டில் சொன்னதைவிட மிகக் குறைந்த செலவில் வேலை முடிந்தது. பாராட்டு வரவில்லை, வகுத்த முறைப்படி கட்டவில்லை என்று தலைவரை இடைநீக்கம் செய்யும் உத்தரவுதான் வந்தது. கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது.

பிறகு, எல்லாச் சாதியாரும் சேர்ந்து வாழ்வதற்கான சமத்துவபுரம். இங்கே கட்டியவை இரட்டை வீடுகள்: ஒரு சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். இப்படி 50 இரட்டை வீடுகள், 100 குடும்பங்கள். உள்ளூர் மண்ணோடு சிறிதளவு சிமென்ட் சேர்த்து, கை எந்திரத்தில் அழுத்தி எடுத்த கற்கள் கட்டுமானத்துக்குப் பயன்பட்டன. இந்தக் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். விறகும் நிலக்கரியும் மிச்சம். வெளியூர்ச் செங்கலுக்குப் போக வேண்டிய பணம் உள்ளூர்க் கூலியாகவே ஊருக்குள் சுற்றியது.

இளங்கோ பின்பற்றியது ஜே.சி. குமரப்பாவின் வழி. தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு கிராமத் தொழில்களுக்காக உழைத்த குமரப்பா, 1945-ல் வெளிவந்த தம் நூலில் வளங்களை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிறவை. ஆற்று நீரும் காட்டு மரமும், வளர்கிற அளவுக்குள் எடுத்தால் என்றும் இருப்பவை.

காற்றில் வந்த வருமானம்

ஊர் வளத்தை ஊரே ஆள்வது ஓர் ஊரின் விதிவிலக்கு இல்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடனும் வாங்கி, ரூ.1.55 கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. மின்கட்டணம் கட்டியே கையிருப்பைக் கரைக்கும் ஊராட்சிகளுக்கு நடுவே, மின்சாரத்தால் வருமானம் பார்த்த ஊராட்சி இது.

மேய்க்கால் போன கதை

தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. அரசுப் பதிவேட்டில் அது புறம்போக்கு. ஊராருக்கோ ஆடுமாடு மேயும் இடம், விறகு கிடைக்கும் காடு, ஏரிகளுக்கு மழைநீர் இறங்கும் மேடு. அந்த நிலம் தொழிற்பூங்காவுக்காக, அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டுக்கு மாற்றப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், போராடினார்கள். 2009-ல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2012-ல் அந்த நிறுவனத்தின் மீதான புகார் பிரான்ஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளைக் கவனிக்கும் அந்நாட்டு அமைப்பு அதை விசாரித்தது. நிறுவனம் நெறிகளை மீறவில்லை என்பதே முடிவாக வந்தது.

ஆலை வந்தால் வேலை வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆலை வேலைக்குப் படிப்பும் வயதும் கேட்பார்கள். மேய்ச்சல் நிலம் யாரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை. நாலு ஆடு வைத்திருந்த கிழவிக்கு ஆலையில் என்ன வேலை? நிலத்தைக் கொடுக்கும்போது போடும் கணக்கில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

தண்ணீர்க் கதையும் இதே மாவட்டத்தில் கிடைக்கிறது. மழையால் ஆண்டுதோறும் ஊறும் வளம் நிலத்தடி நீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக் குடிநீருக்கும் ஆலைக்கும் பாசனத்துக்குமாக, ஊறுவதைவிட அதிகமாக இறைத்தார்கள். கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறி, கிணறுகள் உப்பாயின. அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். தண்ணீர் போவது சென்னைக்கு. 2020-ல் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் ரூ.380 கோடியில் கட்டித் திறக்கப்பட்டதும் சென்னையின் தாகத்துக்காகவே. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் தன் நிலத்தடியில் எவ்வளவு இறைக்கலாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கும் வேண்டும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சூரியத் தகடு, காற்றாலை, மண்கல், தூர் வாரிய ஏரி எதுவானாலும், அதை நிர்வகிக்கும் அதிகாரமும் வரும் பயனும் ஊரிடம் இருந்தால்தான் வாழ்க்கை உயரும். அதற்கான சபை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊர்ப் புறம்போக்கு எத்தனை ஏக்கர், அது இப்போது யாரிடம் இருக்கிறது? ஏரியின் வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா? ஊராட்சி மின்சாரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறது? மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.