வாளேந்திய வனிதையர்

நம் ஆலயப் பீடங்களில் வாளேந்தி நிற்கும் இருவரை நாம் நன்கறிவோம். ஒருவர் அலகையை மிதித்து நிற்கும் அதிதூதர் மிக்கேல். மற்றவர் தாம் தலை வெட்டுண்டு வேதசாட்சி முடி பெற்ற வாளையே அடையாளமாகக் கையிற்கொண்ட புனித சின்னப்பர். இவர்களைக் கண்டு பழகிய கண்களுக்கு, கல்லூரி மாணவி ஒருத்தி வெண்ணிற அங்கியும் கம்பிவலை முகமூடியும் அணிந்து கையில் வாளுடன் நிற்கும் காட்சி சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, தன் மாணவியருக்கு முதன்முதலாக அதிகாரபூர்வமான அணி அமைத்துக் கொடுத்த விளையாட்டுக்களுள் இவ்வாள்வீச்சும் ஒன்று என்றால் நம்புவீர்களா?

இந்தியானா மாநிலத்திலுள்ள நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தையே குறிப்பிடுகிறேன். 'நம் அன்னை' என்பது அதன் பொருள். திருச்சிலுவைச் சபைக் குருவான எட்வர்ட் சோரன் அடிகளார் 1842ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். நூற்று முப்பது ஆண்டுகள் அது ஆடவர் கல்லூரியாகவே விளங்கிற்று. அருகிலேயே திருச்சிலுவைக் கன்னியர் நடத்தும் புனித மரியா கல்லூரி பெண்களுக்கென இருந்தது. இரண்டையும் ஒன்றாக இணைக்க எடுத்த முயற்சி 1971இல் முறிந்தது. அதன்பின், தியோடர் ஹெஸ்பர்க் அடிகளார் தலைவராயிருந்த காலத்தில், 1972ஆம் ஆண்டு 365 பெண்கள் முதன்முறையாக நோத்ர் தாமின் மாணவியராயினர். ஆயிரக்கணக்கான ஆண்களுக்கிடையே முந்நூற்று அறுபத்தைந்து பேர்! அவர்தம் நிலையை நம் வீட்டுப் பெண்கள் எளிதில் உணர்ந்துகொள்வர்.

வந்தவர்கள் வகுப்பறையில் அமர்ந்ததோடு நின்றுவிடவில்லை. விளையாட்டுக் களத்திலும் தங்களுக்கு இடம் கேட்டனர். 1976ஆம் ஆண்டில் டென்னிசும் வாள்வீச்சும் பெண்களுக்கான அதிகாரபூர்வ விளையாட்டுக்களாயின. வாள்வீச்சுப் பயிற்சிக்கூடத்தின் தலைவராக அந்நாளில் இருந்தவர் மைக்கேல் டிசிக்கோ. இவர் வெறும் பயிற்சியாளர் அல்லர், பொறியியல் பேராசிரியர். 1964 முதல் விளையாட்டு வீரர்களின் கல்வியைக் கண்காணிக்கும் பொறுப்பும் இவரிடமே இருந்தது. ஆட்டத்தில் எத்துணைச் சூரனாயினும் பாடத்தில் பின்தங்கினால் இவருடைய கண்டிப்புக்குத் தப்ப முடியாது. மைதானத்தில் ஆடுவதற்காகப் பள்ளியை மறக்கும் பிள்ளைகளையும், பள்ளிக்காக மைதானத்தையே மறக்கச் சொல்லும் பெற்றோரையும் ஒருசேரக் கண்டிருக்கும் எனக்கு, இப்பேராசிரியர்மீது தனி மதிப்பு உண்டு.

இவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். வாள்கள் மூவகை. ஃபாயில் என்னும் மெல்லிய வாளின் முனை எதிராளியின் உடற்பகுதியில் மட்டுமே படவேண்டும். கை, கால், தலை கணக்கில் இல்லை. எப்பே என்னும் கனத்த வாள் தலை முதல் கால்வரை எங்குப் பட்டாலும் புள்ளி உண்டு. சேபரோ முனையால் குத்தவும் விளிம்பால் வெட்டவும் உரியது. இடுப்புக்கு மேற்பட்ட பகுதியே அதன் இலக்கு. ஆடுகளம் பதினான்கு மீட்டர் நீளமுள்ள குறுகிய பாதை. போட்டி தொடங்குமுன் முகமூடியை அகற்றி, வாளை உயர்த்தி, எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் செலுத்தியே ஆகவேண்டும். முடிந்தபின் கையுறை இல்லாத கையால் கைகுலுக்குவதும் 2023 வரை கட்டாயமாக இருந்தது. மறுத்தவருக்குத் தண்டனை இருந்தது. மின்கருவிகள் வருவதற்கு முந்திய நாட்களில், தன்மேல் வாள் பட்டதைப் பட்டவரே வாய்விட்டு ஒப்புக்கொள்வது மரபாக இருந்தது. இன்று விளக்கு எரிந்து அதனை அறிவித்துவிடுகிறது. விளக்கில்லாத அக்காலமே மனச்சாட்சிக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

'அபாயமில்லையா?' என்று தாய்மார் கேட்பர். நியாயமான கேள்வி. 1982இல் உரோமையில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ், முறிந்த வாள் முகமூடியைத் துளைத்ததால் உயிரிழந்தார். அத்துயரத்திற்குப் பின்னரே வாளின் எஃகும், அங்கியின் துணியும், முகமூடியின் வலையும் பன்மடங்கு உறுதியாக்கப்பட்டன.

நோத்ர் தாம் மாணவியர்பால் மீண்டும் வருவோம். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியச் சங்கம் பெண்களுக்கான வாள்வீச்சுப் பட்டப் போட்டியை 1982இல் தொடங்கிற்று. அன்று அவர்களுக்கு ஃபாயில் ஒன்றே அனுமதிக்கப்பட்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில், பிரெஞ்சு நாட்டவரான ஈவ் ஓரியோல் என்பாரின் பயிற்சியில், 1987ஆம் ஆண்டின் தேசியப் பட்டத்தை நோத்ர் தாம் மகளிர் அணி வென்றது. பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்து அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கதவைத் திறந்த ஹெஸ்பர்க் அடிகளார் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். அவ்வணியின் மாலி சலிவன் 1986இலும் 1988இலும் தனிநபர் பட்டம் வென்று, இரு ஒலிம்பிக் போட்டிகளில் தம் நாட்டுக்காக ஆடினார்.

1990 முதல் ஆடவர், மகளிர் இருசாராரும் சேர்ந்து ஒரே பட்டத்துக்காகப் போராடும் முறை வந்தது. பெண்களுக்கு எப்பே 1995இலும் சேபர் 2000இலும் சேர்க்கப்பட்டன. இப்போட்டியின் ஒழுங்குமுறைதான் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஒவ்வொரு வாளுக்கும் இருபத்துநான்கு மாணவியர். ஒவ்வொருத்தியும் மற்ற இருபத்துமூவருடனும் மோதவேண்டும். முதலில் ஐந்து முறை தொடுபவருக்கே வெற்றி. ஒரு வாளுக்கு ஒரு கல்லூரியிலிருந்து இருவருக்கு மேல் வரலாகாது; அவ்விருவரும் தங்களுக்குள் தொடக்கத்திலேயே மோதிவிடவேண்டும். பின்னர் விட்டுக்கொடுத்து உதவிக்கொள்ளும் சூழ்ச்சிக்கு இடமில்லாதிருக்கவே இவ்விதி. ஒவ்வொரு வெற்றியும் கல்லூரிக்கு ஒரு புள்ளி. முதல் நால்வர் மட்டுமே தனிநபர் பதக்கத்துக்கு முன்னேறுவர்.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். இரண்டாம் நாள் பிற்பகல். ஒரு பெண் பதினைந்து ஆட்டங்களில் தோற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பதக்கம் அவளுக்கு எட்டாக் கனி. கால் கடுக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது. இருப்பினும் எஞ்சிய ஆட்டங்களுள் அவள் வெல்லும் ஒன்று, முதலிடத்தில் இருப்பவள் வெல்லும் ஒன்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. 2003இல் நோத்ர் தாம் 182 புள்ளிகளும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 179 புள்ளிகளும் பெற்றன. 2005இல் நோத்ர் தாமுக்கு 173, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 171. நான்கு நாள் போராட்டத்தின் முடிவு இரண்டே புள்ளி! அவ்விரண்டை ஈட்டியவர் எவர் என்று பிரித்துச் சொல்ல எவரால் இயலும்? பங்கில் திருவிழா முடிந்ததும் மேடையில் மாலை பெறுபவரையும், பின்புறம் பாத்திரம் கழுவுபவரையும் பற்றி நான் எண்ணிக்கொண்டேன். அது ஒரு பங்குக்குருவின் பழக்கதோஷம்.

இக்கல்லூரியில் பயின்றவருள் இருவரை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மாரியல் ஸகூனிஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முதலில் தகுதி பெறவில்லை. நைஜீரியா தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, சேபரில் தங்கம் வென்றார். 2008இல் மீண்டும் வென்றார். லீ கீஃபர் நோத்ர் தாமுக்காக நான்கு முறை தேசிய ஃபாயில் பட்டம் பெற்றவர். மருத்துவக் கல்வி பயின்றுகொண்டே 2021இல் தோக்கியோவிலும், பின்னர் 2024இல் பாரிசிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

அதே தோக்கியோ களத்தில் நம் சென்னையின் மகளும் நின்றாள். பவானி தேவி 2004இல் தம் பள்ளியில் மூங்கில் கழியால் பயிற்சியைத் தொடங்கி, தலச்சேரியில் கற்று, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார். துனீசிய வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்துப் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 எனத் தோற்றார். அன்றே நாட்டு மக்களிடம் வருத்தம் தெரிவித்துச் செய்தி வெளியிட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டிய தேவை அவருக்கு எள்ளளவும் இருக்கவில்லை. ஈராண்டுகளுக்குப் பின், 2023இல் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அதுவும் வாள்வீச்சில் இந்தியர் எவரும் அதுவரை பெற்றிராத பதக்கம்.