வகுப்பறைக்குள்ளே – 9: கேட்டால்தான் தெரியும்

சென்ற வாரம் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த நாட்களில் நாம் எல்லோருமே விழிப்பாக இருக்கிறோம். தொலைக்காட்சியில் ஆலோசனை எண்கள் ஓடுகின்றன, அம்மா பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறார். இந்த வாரம் நான் பேசப்போவது பொதுத்தேர்வே இல்லாத பிள்ளைகளைப் பற்றி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. பதினொன்று முதல் பதினான்கு வயது. “இதுகளுக்கு என்ன கவலை, வேளாவேளைக்குச் சோறு, பள்ளிக்கூடம், விளையாட்டு” என்று நாம் சொல்லும் வயது. ஆனால் தற்கொலை எண்ணம் பிள்ளைகளிடம் வேகமாகக் கூடத் தொடங்குவது பன்னிரண்டு வயதைத் தாண்டியதும்தான்.

82 நாடுகளில் 12 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம், பெயர் எழுதாத தாளில் பதில் வாங்கிய கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடந்த ஓராண்டில் தற்கொலை பற்றித் தீவிரமாக யோசித்ததுண்டு என்று நூற்றுக்கு 14 பேர் சொல்லியிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர். ஆசியாவில் விகிதம் இதைவிடக் குறைவு. ஆனாலும் ‘என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை’ என்று எந்த ஆசிரியரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எண்ணம் வந்தவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்துகொள்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தாங்கமுடியாத எதையோ தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த எண்ணமே சாட்சி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியாவில் அந்த ஆண்டு தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அதே அறிக்கையில் தேர்வுத் தோல்வியே காரணம் என்று பதிவானவை 2,248. தேர்வைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. தோற்ற பாடத்தை அடுத்த மாதமே எழுதலாம் என்ற துணைத்தேர்வு முறையும், 2017இல் ரேங்க் பட்டியல் அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியதும் மிகச் சரியான முடிவுகள். ஆனால் போலீஸ் படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். ஒரு பிள்ளையின் மனதில் பல காரணங்கள் பல மாதங்களாகச் சேருகின்றன. கடைசியாக நடந்தது மட்டும் நம் கண்ணில் படுகிறது.

திருத்திய விடைத்தாள் கொடுக்கும் பீரியடைக் கொஞ்சம் கவனியுங்கள். பெயரும் மதிப்பெண்ணும் சத்தமாக வாசிக்கப்படுகின்றன. குறைந்த மார்க் வாங்கிய பையன் தாளை வாங்கியதுமே மார்க் போட்ட மூலையை மடித்துக்கொள்கிறான். அதையும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறான். வகுப்பு சிரிக்கிறது; சில நேரம் ஆசிரியரும் சிரிக்கிறார். நிறத்தை, உடம்பை, திக்குவாயை, அப்பாவின் தொழிலை வைத்து ஒரு பட்டப்பெயர் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே இருக்கும். அது வருடம் முழுக்கக் கூடவே வரும். இப்போது வாட்ஸ்அப் குழு வழியாக வீட்டுக்குள்ளும் வருகிறது. ‘கிண்டல்தானே, பசங்க அப்படித்தான்’ என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் இந்த விஷயம்தான், பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் தற்கொலை எண்ணத்தோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வருகிறது.

ஃபின்லாந்தில் 14 முதல் 16 வயதுள்ள 16,410 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். கொடுமை செய்தவர்களிடமும் அவை அதிகமாக இருந்தன. அடிக்கும் பையனைத் தண்டித்து அனுப்புவதோடு வேலை முடியவில்லை என்று இதற்குப் பொருள். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் யாராவது பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. நாங்குநேரியில் சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் நாம் விவாதித்தோம். தினமும் அந்தக் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடம் கேட்கும் பிள்ளையின் மனநலப் பிரச்சினையாகவும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக் காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: குடி, அடிதடி, பெற்றோர் பிரிவு, ஒருவரின் மரணம், கவனிக்கப்படாத பாலியல் தொல்லை, குடும்பத்தில் வேறொருவரின் தற்கொலை. தூக்கமின்மையும் இந்த வயதில் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் ஒன்று இருந்தால் ஆபத்து நிச்சயம் என்றில்லை. இரண்டு, மூன்று என்று சேரச்சேர ஆபத்து ஏறுகிறது.

இவ்வளவும் நடக்கும்போது பெற்றவர்களுக்குத் தெரியாமலா போகும்? போகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 11 முதல் 17 வயதுள்ள 5,137 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே விசாரித்த ஆய்வு 2019இல் வந்தது. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது. அங்கே அன்புக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளும் தாமாகச் சொல்லவில்லை.

கேட்க ஏன் தயங்குகிறோம்? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டுப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களோ, கேட்ட பிறகு, கேட்கப்படாதவர்களைவிடக் குறைவான தவிப்போடு இருந்தார்கள். ஆகவே கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “கொஞ்ச நாளா நீ சரியில்லடா. செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா? தோணினா அம்மாகிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்.” இந்தச் சொற்களே போதும். பதில் வந்ததும் அறிவுரையை ஆரம்பிக்காமல் முழுதாகக் கேட்பதுதான் கடினம்.

பள்ளியில் யார் கேட்பது? பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. சில பள்ளிகளில் ‘செஹர் மித்ரா’ என்ற பெயரில் வெளியிலிருந்து ஒருவரைப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். மனநல மருத்துவர் இல்லை, சாதாரணப் பட்டதாரி. சில பள்ளிகளில் அதே வேலையை அங்கிருந்த ஆசிரியரிடம் கொடுத்தார்கள். காலைக் கூட்டத்தில் பேச்சு, சுவரில் கையெழுத்துப் பத்திரிகை, பெயர் போடாமல் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, வேண்டியவர்களுக்குத் தனி ஆலோசனை. 2018இல் வந்த முடிவின்படி, மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் நன்றாகக் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மார்க் போடுபவரிடமும் பிரம்பு வைத்திருப்பவரிடமும் பிள்ளை மனதைத் திறக்காது. ஏற்கெனவே பாடம், பதிவேடு, தேர்தல் பணி என்று திணறும் ஆசிரியர் மேல் இதையும் ஏற்றுவது நியாயமும் இல்லை.

ஐரோப்பாவில் 10 நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் இன்னொரு முறையைச் சோதித்தார்கள். நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம். வகுப்புச் சுவரில் ஆறு போஸ்டர், வீட்டுக்கு எடுத்துப்போக 32 பக்கச் சிறு நூல், நேரத்தில் பெரும்பகுதி பிள்ளைகளே பாத்திரமேற்று நடித்துப் பேசுவது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, புதிதாகத் தற்கொலை முயற்சியில் இறங்கியவர்கள் மற்ற பள்ளிகளில் 1.51 சதவீதம், இங்கே 0.70. பாதிக்கும் குறைவு. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த இன்னொரு முறை அதே ஆய்வில் அந்த அளவு பலன் தரவில்லை.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உதவி எண்களை வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வகுத்துவிட்டது. அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன், “எங்கள் பள்ளியின் ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பிள்ளை காரணமில்லாமல் வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்குப் போக மறுத்தால், தூக்கம் கெட்டிருந்தால், பிரியமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்தால், ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்று சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் உள்ள ஆபத்தான பொருட்களை, மருந்து மாத்திரைகள் உட்பட, பூட்டி வையுங்கள். டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கான 1098, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களில் அழைத்துப் பேசலாம். உடனடி ஆபத்து என்று தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதைப் படிக்கும் மாணவர்களே, அந்த எண்கள் உங்களுக்கும்தான். அழைக்க அப்பா, அம்மாவின் அனுமதி தேவையில்லை.

(தொடரும்)