காவல் வில்லை எப்போது செத்தது?

தீபாவளிக்குத் துணி கொடுத்தவர்கள் தினமும் வந்து "தச்சாச்சா?" என்று கேட்கும் வாரங்கள் இவை. பினாங்கில் மாலை நேர இடிமழை வலுப்பதும் இதே வாரங்களில்தான். சூலியா தெருப் பக்கத்துத் தையற்காரர்களும், வீட்டில் ஆர்டர் எடுத்துத் தைக்கும் பெண்களும் எழுதிய கடிதங்களில் ஒரே குழப்பம். சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டிருந்தோம், அதில் பச்சை விளக்கு இப்போதும் எரிகிறது, அப்படியும் மெஷினின் போர்டு போய்விட்டதே, எப்படி?

சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள பல எக்ஸ்டென்ஷன்களில் அந்த விளக்கு, கரண்ட் வருகிறது என்பதை மட்டும்தான் காட்டும். காவல் உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பழுது பார்க்கும் ஒருவர் அஞ்சடியில் போட்டிருந்த மேசையில் அப்படியொரு எக்ஸ்டென்ஷனைத் திருகு கழற்றிக் காட்டினார். உள்ளே பித்தளைப் பட்டைகள், மெல்லிய ஒயர்கள், மூன்று நீல வில்லைகள். எதுவும் 20 சென் நாணயத்தைவிடப் பெரிதில்லை. ஒன்றின் ஓரம் கருகிப் பிளந்திருந்தது. பெட்டியின் மேல் அச்சடித்த வாக்குறுதி முழுவதும் இந்த வில்லைகளை நம்பித்தான் இருக்கிறது.

வேரிஸ்டர் என்பது அதன் பெயர். ஜிங்க் ஆக்ஸைடு துகளை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வது. துகளும் துகளும் தொடும் ஒவ்வொரு எல்லையும் சுமார் 3 வோல்ட் வரை மின்சாரத்தை மறிக்கும், அதைத் தாண்டினால் சட்டென்று வழிவிடும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எல்லைகள் அடுக்கடுக்காக இருப்பதால், வீட்டு மின்சாரத்தில் வில்லை பேசாமல் கிடக்கும். பக்கத்தில் எங்கோ இடி விழுந்து அழுத்தம் எகிறினால், கண்ணிமைப்பதற்கும் வெகு முன்பே திறந்து, அதிகப்படியை நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ திருப்பிவிடும். 1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா கண்டறிந்தது இது. சுட்ட மண் மாதிரி ஒரு பொருள் தானே அளந்து தானே திறந்து மூடுகிறதே என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

கவலையும் அங்கேதான். ஒவ்வொரு அடியிலும் சில எல்லைகள் கெட்டுப்போகின்றன. போகப்போகச் சாதாரண 230 வோல்ட்டிலேயே வில்லை கசியத் தொடங்கிச் சூடாகும். தீப்பிடிக்காமலிருக்க நல்ல தயாரிப்புகளில் வெப்ப ஃபியூஸ் ஒன்று வைத்திருப்பார்கள். அது வில்லையை மட்டும் துண்டித்தால், ப்ளக்கில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், மெஷின் ஓடும், காவல் இருக்காது. வில்லை செத்த நாள் உங்களுக்குத் தெரியாது. காவல் போனால் கரண்ட்டையும் சேர்த்து நிறுத்தும் வகையை, அல்லது காவலுக்கென்று தனி விளக்கு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் பெரிதாகப் போடும் ஜூல் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லா வில்லைகளையும் கூட்டிச் சொல்லும் எண்ணாக அது இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள வில்லைகூடச் சுமார் 700 வோல்ட்டை உள்ளே விட்டுத்தான் மிச்சத்தைத் தடுக்கிறது. பழைய கடைவீட்டில் எர்த் சரியில்லையென்றால், எர்த்தை நம்பும் வில்லைகள் இருந்தும் பயனில்லை.

மலேசியாவில் மின்னழுத்தம் 230 வோல்ட், 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அதாவது 216 முதல் 253 வரை. இது நிலையாக வரும் மின்சாரத்துக்கான எல்லை. மைக்ரோ நொடியில் வந்து போகும் பாய்ச்சலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தெருக் கம்பியில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம், அதுவும் நிமிடக்கணக்கில். அதைத் தாங்க வில்லையால் முடியாது, எரிந்துவிடும்.

மோட்டார் மாட்டிய பழைய மிதி மெஷின் இதையெல்லாம் ஓரளவு தாங்கும், அதற்குள் செம்புச் சுருளும் கார்பனும்தான். சர்வோ மோட்டார் மெஷின், கம்ப்யூட்டர் மெஷின் இரண்டிலும் போர்டுதான் முதலில் போகும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஈஎல்சிபி இருக்கிறதே, போதாதா? அது மனிதர்களை ஷாக்கிலிருந்து காப்பது, போர்டை அல்ல.

சுவிட்சை அணைத்தால் போதுமா? போதாது, ப்ளக்கை உருவுங்கள், இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே.

சிரிம் முத்திரை? ப்ளக்கும் ஒயரும் பாதுகாப்பானவை என்பதற்கு, எவ்வளவு பாய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கு அல்ல.

மெயின் பெட்டியிலேயே காவல் வைக்கலாமா? வைக்கலாம், பதிவு பெற்ற ஒயர்மேனைக் கொண்டு. எர்த்தையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர்? மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு உதவும், இடிக்கு உதவாது.

டிவி? ப்ளக்கோடு ஆஸ்ட்ரோ கேபிளையும் கழற்றுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பினால்? ஐந்து நிமிடம் பொறுத்து மெஷினைப் போடுங்கள். அதற்குள் ஓர் அறையில் விளக்கு பளீரென்றும் இன்னோர் அறையில் மங்கியும் எரிந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டெனாகாவின் 15454 எண்ணை அழையுங்கள்.