படகை ஓட்டும் எஞ்சின் சரளையைத் தொட்டால்

நியூசிலாந்தில் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு மோட்டார் படகு கட்டினால் அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஓட்டுவதற்கு லைசென்ஸும் கேட்க மாட்டார்கள். ஆற்றில் சீறிப் பாயும் ஜெட் படகுக்கும் இதே நிலைதான். கொட்டகையில் அலுமினியத் தகடு வெட்டி உடலைக் கட்டலாம். பழைய காரிலிருந்து இறக்கிய வி8 எஞ்சினைப் பொருத்தி, பின்னால் ஒரு ஜெட் யூனிட்டை மாட்டி, சனிக்கிழமை காலையில் தண்ணீரில் தள்ளிவிடலாம். படகை ஏற்றிப்போகும் டிரெய்லருக்குத்தான் பதிவெண் வேண்டும்! ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்று பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத சுதந்திரம்.

அதே படகில் மண்வெட்டியும் தங்கம் அரிக்கும் தட்டும் ஏறினால் விஷயம் வேறாகிவிடுகிறது. படகை எந்தச் சட்டம் ஆள்கிறது, பொன்னை எந்தச் சட்டம் ஆள்கிறது, இரண்டுக்கும் நடுவே உயிருக்கு எங்கே ஆபத்து என்பதெல்லாம் தெரியாமல் தெற்குத் தீவின் ஆறுகளில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஜெட் படகு பிறந்ததே அந்த ஆறுகளுக்காகத்தான். மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திய பில் ஹாமில்டன் சுயமாகக் கற்ற பொறியாளர். பனிமலையிலிருந்து இறங்கும் அங்குள்ள ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து, முழங்கால் ஆழத்தில் சரளைக்கல் மேல் ஓடுபவை. சாதாரண விசைப்படகின் புரொப்பல்லர் முதல் கல்லிலேயே நொறுங்கிவிடும். 1950களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவில் வந்திருந்த ஒரு நீர்த்தாரை இயந்திரத்தை முன்மாதிரியாக வைத்து வேலையைத் தொடங்கினார். அடிப்பக்கத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சுவதுதான் அதன் தத்துவம். தண்ணீர் வெளியேறும் குழாய்வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்ததும் படகின் வேகமும் போக்கும் தலைகீழாக மாறின. 1960இல் அவர் படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனை எதிர்நீச்சலில் ஏறிக் கடந்தன. 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜெட் படகுகளில் புறப்பட்டு மேலேறினார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை அவர் நிற்கவில்லை.

அந்த ஆறுகளில் பொன் இருந்தது பொய்யில்லை. 1862இல் ஷாட்டோவர் ஆற்றின் எதிர்க்கரைக்கு நீந்திப் போன இரண்டு மாவோரிப் பூர்வகுடியினரின் நாயை வெள்ளம் இழுத்துச் சென்றது. அதைக் காப்பாற்றப் போனவர்கள் பாறை இடுக்கில் பொன் மணிகளைக் கண்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஏறத்தாழ 300 அவுன்ஸ் எடுத்தார்கள் என்பது ஒட்டாகோ வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் வரலாறு. அந்த இடத்துக்கு மாவோரி பாயின்ட் என்றே பெயர். ஆசை பலித்த கதை அப்படி என்றால், பலிக்காத கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1926இல் வாகட்டிப்பு ஏரியின் வாயை அணைகட்டி அடைத்து, கவராவ் ஆற்றை வற்றவைத்து, அடியில் கிடக்கும் தங்கத்தை அள்ளுவதாக ஒரு திட்டம் போட்டார்கள். மதகுகள் இறங்கின. ஷாட்டோவரும் ஆரோவும் கீழே வந்து கலந்துகொண்டே இருந்ததால் ஆறு எதிர்பார்த்த அளவுக்கு வற்றவில்லை. முதலீடு போட்டவர்களின் பணம்தான் வற்றியது. அந்த அணை பிறகு பாலமாக வாகனங்களைச் சுமந்தது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். அந்த நாட்டில் தரைக்கடியிலும் ஆற்றுப்படுகையிலும் கிடக்கும் இயற்கைத் தங்கம் அரசுடைமை. அதை ஆள்வது 1991ஆம் ஆண்டின் அரசுக் கனிமங்கள் சட்டம். நிலம் சொந்தமாக இருந்தாலும் அதிலுள்ள தங்கம் தானாகச் சொந்தமாகிவிடாது. பொதுமக்களுக்கு அரசு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஆரோடவுன் ஊரையொட்டிய ஆரோ ஆறு, கேப்ரியல்ஸ் கல்லி, குவீன்ஸ்டவுன் அருகே ட்வெல்வ் மைல், மேற்குக் கரையில் கோல்ட்ஸ்பரோ போன்ற சில இடங்கள் பொதுத் தங்கத்தேடல் பகுதிகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. அங்கே யார் வேண்டுமானாலும் பர்மிட் இல்லாமல் அரிக்கலாம். கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

முக்கிய நிபந்தனை, கையால் இயக்கும் கருவிகள் மட்டும்தான். தட்டு, சல்லடை, மண்வெட்டி, ஓடும் தண்ணீரில் வைக்கும் சரிவுப் பெட்டி ஆகியவை சரி. மோட்டார் பம்பு கூடாது. படுகையை உறிஞ்சி எடுக்கும் டிரெட்ஜ் கூடவே கூடாது.

ஜெட் படகு கட்டுகிறவர் சறுக்குவது இந்த இடத்தில்தான். படகில் ஏற்கெனவே தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும் இயந்திரம் இருக்கிறது, கூடவே சின்னதாக 5 குதிரைத்திறன் பம்பு ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றும். எஞ்சின் படகை நகர்த்தும் வரை அது பொழுதுபோக்கு. சரளையை நகர்த்தத் தொடங்கிய நிமிடம் அது சுரங்கத் தொழில். அதற்குக் கனிம பர்மிட் வேண்டும். ஆற்றுப்படுகையைக் கலைப்பதால் வட்டார மன்றத்தின் சுற்றுச்சூழல் அனுமதியும் கேட்பார்கள். நிலத்தின் உரிமையாளரோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும், காப்புநிலமாக இருந்தால் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் போக வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது கிடைத்ததாகாது. பர்மிட் வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்தவருக்குப் பர்மிட் உள்ள இடத்தில் தட்டை இறக்கும் முன் அதைப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

பொன்னுக்கு உரிமை, எடுக்கும் முறைக்கு உரிமை ஆகிய இரண்டும் ஒன்றா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. ஆற்றைக் கலைப்பது மீன்களைப் பாதிக்கிறது, 19ஆம் நூற்றாண்டுச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன பாதரசத்தை மேலே கிளப்புகிறது என்ற கவலையில் கலிபோர்னியா 2009இல் உறிஞ்சு டிரெட்ஜுகளை நிறுத்திவைத்தது. 1872ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சுரங்கச் சட்டம் தங்களுக்கு உரிமை தந்திருப்பதாகத் தங்கத்தேடிகள் தரப்பு வாதிட்டது. 2016இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தங்கத்தில் உரிமை இருப்பதாலேயே மாநிலம் தடைசெய்த கருவியை இறக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

படகுக்கே உள்ள விதிகளில் ஒன்று வேடிக்கையானது. நியூசிலாந்துக் கடல்சார் விதிகளின்படி கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், மனிதர் அல்லது வேறொரு படகிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். 400 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஆற்றில் நடுவே போனாலும் ஏதாவது ஒரு கரை 200 மீட்டருக்குள்தான் இருக்கும்! அந்த வேகத்தில் ஜெட் படகு தண்ணீரின் மேல் எழும்பாது. அடிப்பாகம் ஆழ்ந்து கல்லில் இடிக்கும். எனவே வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட ஆறுகளிலும் பகுதிகளிலும்தான் சட்டப்படி ஓட்ட முடியும். எங்கே, எந்த மாதங்களில் என்பது வட்டார மன்றத் துணைவிதிகளில் இருக்கும். ஆற்றின் வலப்பக்கமாகவே செல்ல வேண்டும், மேல்நோக்கி ஏறுகிறவர் கீழ்நோக்கி வருபவருக்கு வழிவிட வேண்டும். நீரோட்டத்தோடு வருகிறவரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

சட்டத்தை மீறினால் அபராதம். கட்டும்போது செய்யும் தவறுக்கு விலை அதைவிடப் பெரிது.

ஜெட் படகில் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தாரையை இடமும் வலமும் திருப்பித்தான் படகு வளைகிறது. தாரை நின்றால் திருப்பமும் நின்றது. பாறை எதிரே வந்ததும் கார் ஓட்டிப் பழகிய கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிடும். ஜெட் படகில் அதுதான் மிகத் தவறான செயல். வேகம் முழுதாகக் குறையாமல், வளையும் சக்தி மட்டும் போய், படகு நேராகப் பாறையைத் தேடிப் போகும். திரும்ப வேண்டுமானால் எஞ்சினுக்கு உயிர் இருந்தாக வேண்டும். ஆழமான, அகலமான, ஆளில்லாத நீரில் இதை உடம்பு பழகும்வரை பயிற்சி செய்த பிறகே குறுகிய ஆற்றுக்குப் போக வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது சும்மா இல்லை.

உறிஞ்சும் வாயில் கம்பித் தட்டி இருக்கும். சரளையோ பாசியோ அதை அடைத்தால் உள்ளே நீராவிக் குமிழ்கள் உருவாகி, எஞ்சின் அலறும், படகு நகராது. தங்கம் தேடுகிறவர்கள் நிற்க விரும்பும் ஆழமற்ற சரளைத் திட்டுகளிலேயே இது அதிகம் நடக்கும். கரையோரம் எஞ்சினை ஓடவிட்டபடி கையை விட்டுத் தட்டியைச் சுத்தம் செய்யும் விபரீதம் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பைக்குள் போட்ட பிறகே குனிய வேண்டும்.

2019 பிப்ரவரியில் ஷாட்டோவர் ஆற்றின் ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்கில் பயணிகளோடு சென்ற வணிக ஜெட் படகு ஒன்று பாறைச் சுவரில் மோதியது. திருப்பும் அமைப்பைப் பிடித்திருந்த ஒரு திருகாணித் தண்டு உலோகச் சோர்வால் முறிந்ததே காரணம் என்று நியூசிலாந்தின் போக்குவரத்து விபத்து விசாரணை ஆணையம் கண்டது. வணிகப் படகின் நிலையே அது. பழைய ஜெட் யூனிட்டை வாங்கி மாட்டுகிறவர் ஸ்டீயரிங் தொடர்பான போல்ட்டுகளையாவது புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு எதிரி பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். கார் எஞ்சினோடு வந்த ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை தீப்பொறியை வெளியே விடாதபடி மூடப்பட்டவை அல்ல. காரில் ஆவி கீழே தரைக்குப் போய்விடுவதால் பாதகமில்லை. மூடிய படகில் அது வெடிமருந்து. கடல் உபயோகத்துக்கான மின்சாதனங்கள், கார்புரேட்டருக்குத் தீத்தடுப்பு வலை, தொடங்குமுன் ஆவியை வெளியே இழுக்கும் விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் எல்லாம் சேர்ந்து, ஒரு நல்ல ஜெட் யூனிட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். படகுத் தளத்தின் அடியில் மிதவை நுரை அடைக்காமல் விட்ட அலுமினியப் படகு தண்ணீர் புகுந்தால் கல்லாக மூழ்கும். திரும்பும் வழியில் ஈரச் சரளை மூட்டைகளை ஏற்றுகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருப்பது சட்டக் கட்டாயம். பனிநீர் ஆற்றில் அதைப் போட்டுக்கொண்டே இருப்பது புத்தி.

சரளைத் திட்டுகள் வெறும் கல்மேடுகள் அல்ல. வளைந்த அலகுடைய ரைபில் என்ற சிறு பறவை அங்கேதான் வெறும் கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. உலகில் பக்கவாட்டில் அலகு வளைந்த ஒரே பறவை அது, எப்போதும் வலப்பக்கம்தான். வசந்தகாலத்திலிருந்து கோடை நடுப்பகுதி வரை படகு கிளப்பும் அலையே ஒரு கூட்டைக் கழுவிவிடப் போதும். முட்டையைப் பார்க்க முடியாமல் மிதித்துவிடுவது அதைவிட எளிது.

ஆற்றுக்கு ஆறு படகை மாற்றுகிறவர் இன்னொன்றையும் தூக்கிப்போகிறார். 2004இல் சவுத்லாந்தின் வையாவ் ஆற்றில் டிடிமோ என்ற நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துளி நீரில்கூடப் பரவக்கூடிய அது இன்று தெற்குத் தீவின் ஏராளமான ஆறுகளில் சளிபோல் படர்ந்திருக்கிறது. 2023இல் வடக்குத் தீவின் வைகாட்டோ ஆற்றில் அந்நியச் சிப்பியினம் ஒன்று தென்பட்டது. அதன் பெயரே தங்கச் சிப்பி! யாரும் தேடாத தங்கம். ஜெட் யூனிட்டின் உள்ளே தேங்கும் தண்ணீரும், சரிவுப் பெட்டியில் விரிக்கும் பாயும் இவற்றுக்குச் சொகுசான வாகனங்கள். பார், கழுவு, உலர்த்து என்பது அங்கே அரசு சொல்லும் முறை. தொட்டால் ஈரம் தெரியாத அளவு காய்ந்த பிறகும் 48 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். தெரிந்தே பரப்பினால் சிறைக்கும் வழியிருக்கிறது.

தட்டில் பொன் வராமல் பச்சைக்கல் வந்தால்? மாவோரிகள் போனாமு என்று போற்றும் அந்தக் கல், நைதாகு இனத்தாரின் பாரம்பரிய எல்லைக்குள் அவர்களுக்கே சொந்தம். அரசு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டது. தங்கத்துக்கு வாங்கிய பர்மிட் இதற்குச் செல்லாது.

ஏதாவது தவறு நடந்துவிட்டால் என்ன வழி? செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளில் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் மிகவும் நம்பகமானது. அதைத் தன் பெயரில் பதிவு செய்வது இலவசம். சட்டைப்பையில் இருக்க வேண்டும், கவிழும் படகின் பெட்டியில் அல்ல. காயம் பட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமல் ஏ.சி.சி. என்ற அரசு விபத்துக் காப்பீடு சிகிச்சைச் செலவுக்கு உதவும், சுற்றுலா வந்தவருக்கும்கூட. அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பொதுவாக இல்லை. ஊரில் வேலைக்குப் போக முடியாமல் இழந்த சம்பளம் வெளிநாட்டுப் பயணிக்குக் கிடைக்காது. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஜெட் படகு விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அவரவர் பொறுப்பு.

கடையில் வாங்கிய ஜெட் யூனிட் பழுதானால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் கைகொடுக்கும். தனிநபரிடம் வாங்கியதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் மட்டும் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், வக்கீல் இல்லாமலே நடக்கும் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதனால் விற்பவர் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். படகோடு தன் தங்க பர்மிட்டையும் சேர்த்து விற்பதாக ஒருவர் சொன்னால், அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் பர்மிட் கைமாறாது என்பதை நினைவில் வைத்து, ஒப்புதல் வரும்வரை அந்தப் பங்குக்கான பணத்தைக் கொடுக்காமல் இருக்கலாம்.